மறைந்திருந்த புலன்: உடற்சமநிலை பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு

மனிதன் நிமிர்ந்து நிற்பதை ஒரு செயலென எவரும் கருதுவதில்லை. ஓடுதல், பாய்தல், நீந்துதல் ஆகியவை செயல்கள். நிற்றலோ செயலற்றிருத்தலின் ஒரு வகை என்றே வழக்கிற் கொள்ளப்படுகின்றது. உண்மை இதற்கு மாறானது. இரு பாதங்களாகிய சிறு பரப்பின் மீது, பாரமான தலையை உச்சியிற் கொண்டு நிற்கும் மனிதவுடல், உள்ளங்கையில் நிறுத்திய கோலைப்போல எக்கணமும் விழ முற்படுகின்றது, எக்கணமும் மீட்கப்படுகின்றது. அசையாது நிற்பதாக எண்ணும் ஒருவரின் உடல் கணுக்காலை அச்சாகக் கொண்டு ஓயாது முன்னும் பின்னும் சிறிது ஊசலாடுவதை இன்றைய கருவிகள் வரைந்து காட்டுகின்றன. இம்மீட்பு வேலை முழுவதும் நிற்பவர் அறியாமலே நடந்தேறுகின்றது. அறியாமல் நடப்பதனாலேயே, அதற்கெனத் தனிப்புலன் ஒன்று உண்டென்பதை உலகம் உணர நெடுங்காலம் சென்றது.

அரிஸ்டோட்டில் ஆன்மா பற்றிய தமது நூலிற் புலன்கள் ஐந்தே என வரையறுத்தார். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தபோது மெய், வாய், மூக்கு, கண், செவி என்பவற்றின் மேல் ஆறாவதாக மனத்தையே வைத்தது. இரு மரபுகளும் சமநிலைப் புலனைக் காணாது விட்டமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஐம்புலன்களுக்கும் புறத்தே தெரியும் வாயில்கள் உண்டு. அவை தரும் உணர்வுகளுக்குப் பெயர்களும் உண்டு. சமநிலைப் புலனுக்கோ வாயிலில்லை. செவ்வனே தொழிற்படும்போது அது தன்னை உணர்த்துவதுமில்லை. கெட்ட பின்னரே தலைச்சுற்று, தள்ளாட்டம், குமட்டல் என்ற பெயர்களோடு வெளிப்படுகின்றது. ஆகவே இப்புலன் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு பெரும்பாலும் அதனை இழந்தோரின் வரலாறாகவே அமைந்துள்ளது. நூல்கள் ஆராய்ந்தோரின் பெயர்களை விரிவாகத் தருகின்றன. எவரைக் கொண்டு ஆராய்ந்தனர் என்பதை ஓரிரு சொற்களிற் கூறிக் கடந்து விடுகின்றன. அவ்விரு திறத்தாரையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது.

உறுப்பு அறியப்படாதிருந்ததெனக் கூறமுடியாது. கபாலத்தின் இருமருங்கும் உள்ள கடினமான என்பினுள்ளே, கேட்டலுக்குரிய நத்தைச்சுருளை அடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்களும் அவற்றின் அடியில் இரு சிறு பைகளும் உள்ளன. ஒவ்வொரு கால்வாயும் சுண்டுவிரல் நகத்தினுஞ் சிறியது. இவற்றின் என்பமைப்பை 16 ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடலமைப்பியலாளர் அறிந்திருந்தனர். என்பினுள்ளே மென்சவ்வாலான குழாய்களும் அவற்றுட் பாயியும் இருப்பதை 1789 இல் அந்தோனியோ ஸ்கார்ப்பா விளக்கினார். ஆயின் செவியினுள் இருப்பது கேட்பதற்கே என்ற எண்ணம் வலுவாக இருந்தது. மூன்று கால்வாய்களும் மூன்று தளங்களில் அமைந்திருப்பதைக் கண்டோர், ஒலி எத்திசையிலிருந்து வருகின்றதென்பதை அறிய அவை உதவுகின்றன போலும் என்று ஊகித்தனர். தவறான ஊகமாயினும் அறிவற்ற ஊகமன்று.

தலைச்சுற்றைப் பற்றிய ஆராய்ச்சி செவியோடு எத்தொடர்புமின்றித் தனியே நடைபெற்றது. அதன் தொடக்கம் சற்று வேதனையானது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில், நோயாளரைச் சுழல் நாற்காலியிற் கட்டிச் சுற்றுவது ஒரு சிகிச்சையாகக் கருதப்பட்டது. இங்கிலாந்து வைத்தியர் யோசேப் மேசன் கொக்ஸ் 1804 இல் வெளியிட்ட நூலில் இதனைப் பரிந்துரைத்தார். வாந்தியும் மயக்கமும் மனத்தை அடக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. பிராக் நகரிற் கல்வி பயின்ற யான் பூர்க்கின்யே இதே சுழற்சியைத் தம்மீதே செலுத்திப் பார்த்தார்; கேளிக்கை இராட்டினங்களிற் சுழன்று இறங்குவோரையும் கவனித்தார். சுழலும்போது தலை எந்நிலையில் இருந்ததோ, அந்நிலைக்கேற்பவே பின்னர் உலகம் சுழல்வதாகத் தோன்றுகின்றது என்பதை 1820 களில் அவர் எழுதினார். உண்மையின் வாயிலை அடைந்துவிட்ட போதிலும், காரணத்தை அவர் மூளையிலேயே தேடினார்.

1824 முதற் பாரிஸில் பியர் பிளூரன்ஸ் புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பரிசோதித்தார். கிடையான கால்வாயை வெட்டிய புறா தலையை இடவலமாக ஆட்டித் தன்னைத்தானே சுற்றியது. நிலைக்குத்தான கால்வாய்கள் வெட்டப்பட்ட புறா கரணமடித்து விழுந்தது. வெட்டிய தளம் எதுவோ அத்தளத்திலேயே அசைவுங் கெட்டது. எனினும் அப்புறாக்களின் செவிப்புலன் கெடவில்லை. செவியினுள் உள்ள ஒரு பகுதி கேட்பதற்கன்று என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை. இருந்தும் பிளூரன்ஸ் அதனைப் புலனுறுப்பெனக் கூறத் துணியவில்லை. அசைவுகளைக் கட்டுப்படுத்தும் ஏதோவொரு சக்தி அங்குள்ளதென்று கூறி நிறுத்திக்கொண்டார். புறாக்களின் தள்ளாட்டத்துக்கும் மனிதரின் தலைச்சுற்றுக்கும் முடிச்சுப் போட எவருமின்றி முப்பதாண்டுகளுக்கு மேற் கழிந்தன.

அம்முடிச்சைப் போட்டவர் ஆய்வுகூட விஞ்ஞானியல்லர். பாரிஸிலிருந்த செவிடர் ஊமையர் நிறுவனத்தில் 1838 முதல் வைத்தியராகப் பணியாற்றிய புரொஸ்பர் மெனியே என்பவரே அவர். வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செவிப்புலனற்றோரிடையே கழித்தமையால், ஏனைய வைத்தியர்கள் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. நல்ல உடல்நிலையோடிருக்கும் ஒருவர் திடீரெனத் தலை சுழன்று விழுகின்றார், வாந்தியெடுக்கின்றார், வியர்த்து வெளிறுகின்றார். சிறிது நேரத்தில் எழுந்து விடுகின்றார். பல நாட்களின் பின் மீண்டும் அவ்வாறே விழுகின்றார். அக்கால மருத்துவம் இதனை மூளையில் இரத்தம் தேங்குவதால் வரும் நோயெனப் பெயரிட்டது. இரத்தத்தை வெளியேற்றுதல், பேதி கொடுத்தல் என்பன சிகிச்சைகள். அடுத்து வருவது பாரிசவாதமோ மரணமோ என்ற அச்சத்தோடு நோயாளர் வாழ்ந்தனர். சிகிச்சையால் மேலும் நலிந்தனர். பாரிசவாதம் வரவில்லை. வந்ததெல்லாம் காதிரைச்சலும் படிப்படியாகப் பெருகிய செவிட்டுத்தன்மையுமே. தமக்குக் காதில் ஒலியெழுவதாக நோயாளர் பலகாலங் கூறிவந்திருத்தல் வேண்டும். மூளையையே நோக்கியிருந்த வைத்தியருக்கு அது பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றவில்லை.

1861 சனவரி 8 ஆந் திகதி பாரிஸ் மருத்துவக் கழகத்தின் முன் மெனியே தமது கட்டுரையை வாசித்தார். இந்நோயின் உறைவிடம் மூளையன்று, உட்செவியே என்பது அவரது துணிபு. பிளூரன்ஸின் புறாக்களையும், திடீரெனச் செவிடாகித் தலைச்சுற்றால் வருந்தி இறந்த ஓர் இளம்பெண்ணின் உட்செவியிற் பிரேத பரிசோதனையின்போது கண்டதையும் அவர் சான்றாகக் காட்டினார். கழகத்தினர் அதனை ஆர்வத்தோடு வரவேற்கவில்லை. அதே மாதத்தில் அவ்வவையில் மூளையில் இரத்தந் தேங்குதல் பற்றிய பெருவிவாதமொன்று நிகழ்ந்துகொண்டிருந்தமை மனங்கொளத்தக்கது. 1862 பெப்புருவரியில் மெனியே இறந்தார். பின்னர் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. விஞ்ஞான வரலாற்றில் இது புதுமையன்று. எனினும் இடைப்பட்ட காலத்தில் வீணே இரத்தம் இழந்த நோயாளரை நினைக்கும்போது, தாமதம் என்பது வெறும் கால அளவாகத் தோன்றுவதில்லை.

அதன்பின் ஆராய்ச்சி விரைந்தது. 1870 இற் பிரெட்றிக் கொல்ட்ஸ், அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சமநிலையை உணரும் புலனுறுப்புக்கள் என வெளிப்படையாகக் கூறினார். அவை எவ்வாறு உணர்கின்றன என்ற வினாவுக்கு மூவர் தனித்தனியே ஒரே விடையைக் கண்டமை வியப்புக்குரியது. ஒருவர் பிராக் பல்கலைக்கழகப் பௌதிகவியற் பேராசிரியர் ஏர்ண்ஸ்ட் மாக். மற்றவர் வியன்னாவிற் குடும்ப வைத்தியராயிருந்து ஓய்வு நேரத்திற் புறாக்களை ஆராய்ந்த யோசேப் புரொயர். மூன்றாமவர் எடின்பரோவின் இரசாயனவியலாளர் அலெக்சாண்டர் குறும் பிறவுண். முதலிருவரும் 1873 நவம்பரிலும், மூன்றாமவர் 1874 சனவரியிலும் தம் முடிவுகளை அவைகளின் முன் வைத்தனர். புரொயர் பிற்காலத்திற் சிக்மண்ட் புரொயிட்டுடன் இணைந்து மனநோய் பற்றி எழுதிய நூலாலேயே இன்று பெரிதும் அறியப்படுகின்றார். புறாக்களை ஆராய்ந்த புரொயரைப் பலரும் அறியார். மாக் இத்துறைக்கு வந்தமைக்குக் காரணம் ஒரு புகையிரதப் பயணம். வளைவொன்றிற் புகையிரதம் திரும்பியபோது வெளியே வீடுகளும் மரங்களும் சாய்ந்து நிற்பதாக அவருக்குத் தோன்றியது. பல்லாயிரம் பயணிகள் கண்டும் காணாத காட்சி அது.

மூவரும் கண்ட விளக்கம் எளியது. நீர் நிறைந்த ஒரு குவளையைத் திடீரெனத் திருகினால், குவளை திரும்பும். நீரோ சடத்துவத்தாற் பின்தங்கும். தலை திரும்பும்போது கால்வாயினுள் உள்ள பாயியும் அவ்வாறே பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்க் கலங்களை வளைக்கின்றது. அவ்வளைவே நரம்பின் வழியே செய்தியாகச் செல்கின்றது. சுழற்சி ஒரே வேகத்தில் நீடித்தாற் பாயியும் உடன்சுழலத் தொடங்கும், உணர்வு மங்கும். சுழற்சி நின்றதும் பாயி மாத்திரம் தொடர்ந்தோட, நின்றவருக்கு உலகம் எதிர்த்திசையிற் சுழல்வதாகத் தோன்றும். முற்றத்திற் கைவிரித்துச் சுற்றி விளையாடி விழும் குழந்தை அனுபவிப்பதும் இதுவே. சாய்வையும் புவியீர்ப்பையும் உணர்வது அடியிலுள்ள இரு பைகளின் வேலை. அவற்றுட் சுண்ணாம்புப் பளிங்குத்துகள்கள் பாரமாகப் படிந்துள்ளன. வியன்னாவைச் சேர்ந்த அலோயிஸ் கிறைடில் 1893 இல் இதனை இறாலைக் கொண்டு நிறுவினார். இறால் தோலுரிக்கும்போது தன் சமநிலையுறுப்பிலுள்ள மணற்றுகளையும் இழந்து, புதிய மணலை எடுத்து வைத்துக்கொள்ளும். கிறைடில் மணலுக்குப் பதிலாக இரும்புத்தூளை இட்டார். பின் காந்தமொன்றை அருகே கொண்டுவந்தபோது, காந்தம் இழுத்த திசைக்கேற்ப இறால் தன் உடலைச் சரித்தது. இத்துறையின் பரிசோதனைகளுள் இதனினும் அழகியது பிறிதொன்றில்லை எனலாம்.

புறாவும் இறாலும் சான்றளித்தன. மனிதரில் இதனை எவ்வாறு நிறுவுவது? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் செவிப்புலனற்றோரை நாடினார். உட்செவி முழுவதும் கெட்டமையாற் செவிடானோர் தலைச்சுற்றையும் அறியாதிருத்தல் வேண்டுமல்லவா? அவர் 519 பேரைச் சுழற்றிப் பார்த்த செய்திகளைத் திரட்டி 1882 இல் வெளியிட்டார். அவர்களுள் 186 பேருக்குத் தலைச்சுற்று சிறிதும் ஏற்படவில்லை. 134 பேருக்கு மிகச் சிறிதே ஏற்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சுழற்றப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஹார்வர்ட் மாணவரிலும் ஆசிரியரிலும் ஒரேயொருவர் மாத்திரமே தப்பினார். நீருள் மூழ்கியதும் மேல் எது, கீழ் எது என்று அறியாது திகைத்ததாகவும் செவிப்புலனற்றோர் சிலர் தெரிவித்திருந்தனர். கண் பயன்படாத, பாதம் நிலம் தொடாத இடத்தில் அவர்களுக்கு உலகின் திசைகளே அழிந்துபோயின.

இச்செய்தி பிறிதோர் உண்மையையுஞ் சுட்டுகின்றது. சமநிலைக்கு உட்செவி ஒன்றே சான்றன்று. கண்ணும் பாதமும் உடன் சான்றளிக்கின்றன. 1840 களிற் பேர்லின் வைத்தியர் மொறிட்ஸ் றொம்பேர்க், முண்ணாண் நோயாற் காலுணர்வு இழந்தோர் கண்ணை மூடியதுந் தள்ளாடுவதை விவரித்திருந்தார். பாதங்களைச் சேர்த்து நின்று கண்களை மூடச் செய்யும் அவரது சோதனை இன்றும் வைத்தியசாலைகளிற் கையாளப்படுகின்றது. தசைகளும் மூட்டுக்களும் தரும் அவ்வுணர்வுக்கு 1906 இற் சாள்ஸ் செரிங்டன் தனிப்பெயரிட்டார்.

அதே 1906 இல் வியன்னாவில் றொபேட் பாரானி ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். அதன் வித்து ஒரு நோயாளியின் முறைப்பாடு. காதைக் கழுவும்போது தலைச்சுற்று ஏற்படுவதாக நோயாளர் கூறுவது வழக்கம். ஒருவர் மாத்திரம், நீர் போதிய சூடாக இல்லாதபோதே தமக்கு அவ்வாறாகின்றதென்றார். அடுத்த முறை மிகச் சூடான நீர் ஊற்றப்பட்டபோதும் தலை சுழன்றது. ஆனாற் கண்கள் துடித்த திசை மாறியிருந்தது. நீரின் வெப்பத்தால் உட்செவிப் பாயி சூடாகி மேலெழுகின்றது, குளிர்ந்தாற் கீழிறங்குகின்றது என்பதைப் பாரானி உணர்ந்தார். ஒவ்வொரு செவியையுந் தனித்தனியே சோதிக்கும் வழி இதனாற் பிறந்தது. நோயாளி தாம் உணர்ந்ததைத் துல்லியமாகச் சொன்னார். வைத்தியர் அதைக் காதிற் போட்டுக்கொண்டார். மெனியேக்கு முந்திய காலத்தோடு ஒப்பிடின் இவ்விரண்டாவதே அரியது.

1914 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு பாரானிக்கு அளிக்கப்பட்டபோது, ஒஸ்திரிய இராணுவ வைத்தியரான அவர் ரஷ்யரிடம் போர்க் கைதியாக மத்திய ஆசியாவின் மேர்வ் நகரில் இருந்தார். சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916 இல் விடுதலை பெற்று, அவ்வாண்டு செப்டெம்பரிற் பரிசுரையை நிகழ்த்தினார். வியன்னாவிலோ பிறரின் பங்கை மறைத்தாரென்ற குற்றச்சாட்டு அவரை எதிர்கொண்டது. அவர் சுவீடனின் உப்சாலாவுக்குச் சென்று 1936 இல் அங்கேயே காலமானார். அவரது விளக்கமும் முற்றுப்பெற்றதன்று. 1983 இல் விண்வெளிக்குச் சென்ற ஸ்பேஸ்லாப் ஆய்வுகூடத்திற் பாரமின்மை நிலவியது. அங்கு சூடான பாயி மேலெழ இயலாது. ஆயினும் வீரர்களின் கண்கள் துடிக்கவே செய்தன. சோதனை நிலைத்தது; விளக்கத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

இப்புலனை இழந்த வாழ்வு எத்தகையது என்பதை உள்ளிருந்து விளக்கியவர் ஒரு வைத்தியர். காசநோய்க்கு மருந்தாக 1940 களிற் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் உயிர்காத்தது. சிலரின் உட்செவியை அழிக்கவுஞ் செய்தது. அவ்வாறு பாதிக்கப்பட்ட அமெரிக்க வைத்தியர் ஒருவர், ஜே. சி. என்ற முதலெழுத்துக்களை மாத்திரம் இட்டு, 1952 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தம் அனுபவத்தை எழுதினார். படுக்கையிற் படிப்பதற்கு அவர் தலையைக் கட்டிற் கம்பிகளிடையே முட்டுக்கொடுத்து வைக்க வேண்டியிருந்தது. இல்லையேல் இதயத்துடிப்பின் அதிர்வே எழுத்துக்களைக் குதிக்கச் செய்தது. நடக்கும்போது எதிரே வருவோரின் முகங்களை அவரால் அடையாளங்காண இயலவில்லை.

இதன் காரணத்தை எவரும் இக்கணமே சோதித்தறியலாம். இப்பக்கத்தைக் கையிற் பிடித்து விரைவாக இடவலமாக ஆட்டினால் எழுத்துக்கள் கலங்கும். பக்கத்தை அசைக்காது தலையை அதே வேகத்தில் ஆட்டினாலோ எழுத்துக்கள் தெளிவாகவே இருக்கும். தலை ஒருபுறந் திரும்பும்போது உட்செவியின் செய்தி, ஏறத்தாழ நூறிலொரு செக்கனுக்குள், கண்களை மறுபுறந் திருப்பி விடுகின்றது. அதனை இழந்தவருக்கு உலகம் ஒவ்வோரடிக்குங் குலுங்கும்.

மூன்று சான்றுகளும் முரண்பட்டால் உடல் எதனை நம்பும் என்பது அடுத்து எழுந்த வினா. எடின்பரோவிற் டேவிட் லீயும் துணைவரும் 1970 களின் நடுப்பகுதியில், தரை அசையாதிருக்கச் சுவர்களும் கூரையும் மாத்திரம் நகரும் அறையொன்றை அமைத்தனர். சுவர் சிறிது நகர்ந்ததும், நடை பழகிய சிறுகுழந்தைகள் நிலத்தில் விழுந்தனர். வளர்ந்தோருந் தம்மையறியாது ஊசலாடினர். அமெரிக்காவில் லூயிஸ் நாஷ்னர் முதலானோர் பாதத்தின் கீழுள்ள மேடையையே உடலோடு சாயச் செய்து, கண்ணும் பாதமும் பொய்ச்சான்று கூறும் நிலையை உண்டாக்கினர். உட்செவி நலமாயிருந்தோர் நின்றனர். அதனை இழந்தோர் விழுந்தனர். இம்முறையிற் பிறந்த கருவிகள் இன்று, முதியோர் ஏன் தடுமாறி விழுகின்றனர் என்பதை ஆராயப் பயன்படுகின்றன.

சான்றுகள் முரண்படுவதே கடற்பயணக் குமட்டலுக்கும் அடிப்படை எனக் கொள்ளப்படுகின்றது. கப்பலின் உள்ளறையிற் கண் அசைவின்மையைச் சொல்ல, உட்செவி அசைவைச் சொல்லும். விண்வெளிக்கு மனிதரை அனுப்ப முனைந்த காலத்தில் இது பெருங்கவலையாயிற்று. 1950 களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையினரும், பின்னர் விண்வெளி நிறுவனமான நாசாவும், செவிப்புலனற்றோருக்கான கலோடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 ஆடவரைத் தேர்ந்தனர். 25 முதல் 48 வரை வயதினரான அவர்களுட் பத்துப் பேர் இளமையில் மூளையுறை அழற்சியாற் கேட்கும் ஆற்றலையும், அதனுடன் சமநிலைப் புலனையும் இழந்தவர்கள். வில்லியம் ஜேம்ஸ் சுழற்றிய 186 பேரின் வழித்தோன்றல்கள் என அவர்களைச் சொல்லலாம். நால்வர் நிமிடத்துக்குப் பத்து முறை சுழலும் அறையொன்றிற் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். பாரமின்மையை உண்டாக்கும் விமானங்களிலும் அவர்கள் பறந்தனர். எதிலும் அவர்களுக்குக் குமட்டல் ஏற்படவில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கப்பாற் கொந்தளிக்கும் கடலில் ஒரு படகிலும் அவர்கள் ஏற்றப்பட்டனர். அவர்கள் சீட்டாடிப் பொழுது போக்கினர். ஆராய்ச்சியாளரோ குமட்டலைத் தாங்கமாட்டாது பரிசோதனையைக் கைவிட்டனர். அப்பதினொருவரின் பங்கை எடுத்துக்காட்டும் கண்காட்சி 2017 இற் கலோடெட் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது.